டெபியன் 13: இடம் மாறிய அடைவுகளும் என் ஸ்கேனரும்

கொழிஞ்சாம்பாறையில் தமிழிலும் மலையாளத்திலும் அழைப்பிதழ், நோட்டீஸ் அடித்துக்கொடுக்கும் என் கடையின் கணினி, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 11ஆம் பதிப்பிலிருந்து 12, அதிலிருந்து 13 என்று, புதிதாக நிறுவப்படாமல் மேம்படுத்தப்பட்டே வந்திருக்கிறது. பொள்ளாச்சியில் இதே தொழிலில் இருக்கும் நண்பர், தம்மிடமுள்ள 12ஐ 13ஆக மாற்றலாமா என்று கேட்டதால் இதை எழுதுகிறேன். கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் வழங்கும் லினக்ஸில் பள்ளியிலேயே பழகிய பிள்ளைகள் வேலைக்கு வரும் பகுதி இது என்பதால், லினக்ஸ் தேவையா என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. அடைவுகள், அதாவது ஃபோல்டர்கள், இடம் மாறியதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கணினியின் அடிப்படை நிரல்களும் அவற்றுக்குத் தேவையானவையும் இருக்கும் /பின், /எஸ்பின், /லிப் ஆகிய அடைவுகளில் இருந்தவை இப்போது /யூஎஸ்ஆர் அடைவுக்குள் இருக்கின்றன. பழைய பெயர்கள் அங்கே வழிகாட்டும் சிம்லிங்க்குகளாக மட்டும் நிற்கின்றன. ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் இதை 2012இலேயே, தன் 17ஆம் பதிப்பில் செய்துவிட்டது. டெபியனோ 2019இல் வந்த 10ஆம் பதிப்பில் புதிய நிறுவல்களுக்கு இதை இயல்பாக்கி, 2023 ஜூனில் வந்த 12இல்தான் எல்லோருக்கும் கட்டாயமாக்கியது. அப்போதும், மென்பொருளைக் கட்டித் தரும் பொதிகளுக்குள் (பேக்கேஜ்) எழுதப்பட்டிருந்த பாதைகள் பழையபடியே விடப்பட்டன. அவை 2025 ஆகஸ்டில் வந்த 13க்குள்தான் மாற்றி முடிக்கப்பட்டன.

இந்தத் தாமதத்துக்கு வலுவான காரணம் உண்டு. பொதிகளை நிறுவி நீக்கும் நிரலான டிபிகேஜி ஒரு கோப்பைப் பாதையின் பெயரால்தான் அடையாளம் காண்கிறது. /லிப் வழியே போனாலும் /யூஎஸ்ஆர்/லிப் வழியே போனாலும் வட்டில் இருப்பது ஒரே கோப்பு; டிபிகேஜியின் பதிவேட்டிலோ அது ஒரே மனைக்கு இரண்டு பட்டா கொடுத்த கதையாகிவிடுகிறது. ஒரு கோப்பு பாதையும் மாறி, ஒரு பொதியிலிருந்து இன்னொன்றுக்கும் போனால், புதியதை வைத்த கையோடு பழையதை நீக்குவதாக நினைத்துப் புதியதையே அது அழித்துவிடக்கூடும். டெபியன்காரர்கள் இத்தகைய இடங்களைத் தேடித் தேடித் தடுப்புப் போட்டிருக்கிறார்கள். என் கணினியில் டெபியனுடைய சொந்தக் கோப்பு ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. பழைய முறை நேரக் கணக்கு 2038ஆம் ஆண்டோடு தீர்ந்துவிடும் சிக்கலுக்காக, அச்சிடுவதற்கான லிப்கப்ஸ்2 என்ற பொதி லிப்கப்ஸ்2டி64 ஆனபோதும், பழைய பெயரையும் அது தாங்கி நின்றதால், வெளியார் கொடுத்த பிரின்டர் டிரைவர் தனக்குத் தேவையான பொதியைக் காணாமல் தவிக்கவில்லை. இந்த அக்கறையை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

என்னைக் கோபப்படுத்தியது ஸ்கேனர். அதைத் தயாரித்த நிறுவனத்தின் பழைய டிரைவர், சாதனத்தை யார் பயன்படுத்தலாம் என்று சொல்லும் யூடெவ் விதிக் கோப்பை /லிப் என்ற பாதையில் பதிந்திருந்தது; வேறு பொதிப் பெயரில் வந்த அவர்களுடைய புதிய டிரைவர், அதே கோப்பை /யூஎஸ்ஆர்/லிப் என்று பதிந்தது. பாதைகள் ஒன்றாக இருந்திருந்தால் மோதல் என்று நிறுத்தியிருக்க வேண்டிய டிபிகேஜி, ஒரு சொல்லும் சொல்லாமல் இரண்டையும் ஏற்றுக்கொண்டது. பழைய டிரைவரை நீக்கியதும் விதிக் கோப்பு போய்விட்டது. நிர்வாகி அனுமதி தரும் சூடோ போட்டால் மட்டும் ஸ்கேனர் தெரிந்தது. சாதிச் சான்றிதழை ஸ்கேன் செய்ய வந்தவர் காத்திருக்க, பொதிகளை இறக்கித் தரும் ஏப்ட் எந்தக் குறையும் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. டிபிகேஜியை, நிறுவிய கோப்புகளைச் சரிபார்க்கும் -வி (பெரிய எழுத்து V) என்ற தெரிவுடன் ஓட்டிய பிறகுதான் அந்தக் கோப்பு இல்லை என்ற வரி வந்தது. புதிய டிரைவரை மறுபடி நிறுவியதும் ஸ்கேனர் வேலை செய்தது. மற்றவர்களின் பொதிகளுக்குத் தடுப்புப் போடுவது டெபியனின் பொறுப்பல்ல என்பது நியாயம்தான். ஆனாலும் ஒரே கோப்பு என்பதைப் பொதி மேலாளரே அறியாத நிலையை இத்தனை ஆண்டுகள் விட்டுவைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே நண்பருக்கு என் பதில்: ஸ்கேனரை நம்பிப் பிழைப்பு நடக்கும் கணினியை இப்போது மாற்ற வேண்டாம். 12க்கு நீண்டகாலப் பராமரிப்பு 2028 ஜூன் வரை இருக்கிறது. மாற்றியே ஆக வேண்டுமானால், டெபியன் களஞ்சியத்தில் இல்லாத பொதிகள் எவை என்று பட்டியல் எடுத்து, அந்த டிரைவர்களை முதலில் நீக்கிவிட்டு, 13க்கு முழுவதும் ஏறிய பிறகு புதியவற்றை மட்டும் நிறுவுங்கள். நீக்குவதை ஒருபோதும் கடைசி வேலையாக வைக்காதீர்கள்.