எண்ணும் எழுத்தும் திட்டம்: ஈராசிரியர் பள்ளியிலிருந்து

எண்ணும் எழுத்தும், தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்றுத்தர 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கி, மறு ஆண்டே நான்கு, ஐந்தாம் வகுப்புக்கும் வந்துவிட்ட திட்டம். அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று கற்றல் நிலைகளாக, வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையின் நிலையைப் பார்த்துப் பிரிப்பதுதான் இதன் உயிர்; மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் தெரியாமல் உட்கார்ந்திருந்த பிள்ளை பாட்டு, அட்டை, விளையாட்டு என்று மெல்ல மேலே வருவதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம். ஆனால் தலைமையாசிரியரே வகுப்பும் எடுத்து, மூன்று நிலைக்கும் தனித்தனியாகச் செயல்பாடு நடத்தி, அப்புறம் மதிப்பீட்டையும் பதிவேற்ற நேரம் எங்கே? 2025 மாநிலக் கல்விக் கொள்கை எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்கிறது, சரியான முடிவு. புதிய பாடத்திட்டம் எழுதும்போது இந்த நிலைப் பிரிவை விட்டுவிடாதீர்கள், ஈராசிரியர் பள்ளிக்கென்று தனிக் கால அட்டவணையும் கட்டாயம் கொடுங்கள்.