டெனெரிஃபா, லான்சரோட்டேயா? உயரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

கேனரித் தீவுகளுக்குப் போகலாம் என்று முடிவானதும் அடுத்த குழப்பம், எந்தத் தீவுக்குப் போவது என்பதுதான். நாடு ஸ்பெயின், ஆனால் ஆப்பிரிக்கக் கரை அங்கிருந்து 100 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. மக்கள் வாழும் தீவுகள் எட்டு. சுற்றுலா விளம்பரங்களைப் பார்த்தால் எட்டும் ஒன்றுபோலவே தெரியும்: மணல், நீலக் கடல், ஒரு குடை. (கேனரிக் குருவியால் தீவுக்குப் பெயர் வரவில்லை, தீவால்தான் குருவிக்குப் பெயர் வந்தது. தீவின் பெயர் நாயைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள்.)

தேர்ந்தெடுக்க நான் பார்ப்பது ஒரே ஒரு எண், தீவின் உயரம். வடகிழக்கிலிருந்து வரும் வியாபாரக் காற்று கடலின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. மலை உயரமாக இருந்தால் அதில் மோதி மேகமாகத் தங்கும். குட்டையாக இருந்தால் தலைக்கு மேலேயே போய்விடும். காடு, வெயில், விவசாயம் எல்லாம் இதை ஒட்டியே அமைந்திருக்கின்றன.

டெனெரிஃபில் இருக்கும் டெய்டே எரிமலையின் உயரம் 3,715 மீட்டர். ஸ்பெயினிலேயே உயரமான சிகரம் அதுதான். காற்று அங்கே தப்பிக்க முடியாது. அதனால் தீவின் வடபக்கம் பச்சை, தென்பக்கம் காய்ந்த பூமி. வெயில் உறுதியாகக் கிடைக்கும் என்பதால் பெரிய ஹோட்டல்களெல்லாம் தெற்கில்தான். காலையில் தெற்கே கடலில் குளித்துவிட்டு, மதியம் வடக்கே மூடுபனியில் ஸ்வெட்டர் தேடலாம். கேபிள் காரில் 3,555 மீட்டர் வரை போனால் மேகம் காலுக்குக் கீழே கடல்போல விரிந்து கிடக்கும். கடைசி 160 மீட்டர் உயரம் ஏறி உச்சியைத் தொட முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அங்கே போய் நின்றுகொண்டு கேட்டால் கிடைக்காது.

அந்த மேகத்துக்கு ஒரு கொடிய முகமும் உண்டு. வடக்கு விமான நிலையம் மேகம் தவழும் உயரத்திலேயே, 600 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. 1977 மார்ச் 27 அன்று, பக்கத்துத் தீவான கிரான் கனேரியாவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்கள் இங்கே திருப்பிவிடப்பட்டன. மூடுபனியில் ஓடுபாதையிலேயே இரண்டு ஜம்போ ஜெட்டுகள் மோதி 583 பேர் இறந்தார்கள். விமானப் போக்குவரத்து வரலாற்றில் அதைவிட அதிக உயிர் குடித்த விபத்து இல்லை. தெற்கு விமான நிலையம் அடுத்த ஆண்டே திறக்கப்பட்டது. இன்றைக்கு வெளிநாட்டுப் பயணிகளில் பெரும்பாலோர் வந்து இறங்குவது அங்கேதான்.

லான்சரோட்டே இதற்கு நேரெதிர். அதன் மிக உயரமான இடமே 671 மீட்டர்தான். மேகம் நிற்பதில்லை, மழையும் அரிது. போதாக்குறைக்கு 1730இல் தொடங்கிய எரிமலை வெடிப்பு ஆறு ஆண்டுகள் நீடித்து, தீவின் நான்கில் ஒரு பங்கை லாவாவாலும் சாம்பலாலும் மூடியது. அதோடு விவசாயம் ஒழிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அந்தக் கறுப்புச் சாம்பல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு வெயிலில் உலரவிடாது என்று ஊர்க்காரர்கள் கண்டுகொண்டார்கள். லா ஹேரியா என்ற பகுதியில் அதை இன்றும் பார்க்கலாம். அடியிலுள்ள பழைய மண் எட்டும்வரை சாம்பலில் புனல்போலக் குழி தோண்டி, ஒரு குழிக்கு ஒரு திராட்சைக் கொடியை நட்டு, காற்று அடிக்கும் பக்கம் பிறை வடிவில் கல் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை கறுப்புக் குழிகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கைப்பிடிப் பச்சை. டெனெரிஃபில் இதற்கு ஈடான காட்சி எதுவும் எனக்குத் தோன்றவில்லை, டெய்டே உட்பட.

டிமன்ஃபாயா தேசியப் பூங்காவில் நிலம் இன்னும் சூடாகவே இருக்கிறது. ஊழியர் ஒருவர் நிலத்தில் பதித்த குழாயில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுவார். சில நொடிகளில் ஆளுயரத்துக்கும் மேலே நீராவி சீறிக்கொண்டு கிளம்பும். பக்கத்திலேயே அந்த நிலச்சூட்டில் இறைச்சி சுடும் உணவகம். குறை என்னவென்றால், பூங்காவின் நடுப்பகுதியை இஷ்டத்துக்கு நடந்து சுற்ற முடியாது, பேருந்து ஜன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும்.

இங்கே வீடுகளும் குட்டைதான், அதற்குக் காரணம் மட்டும் ஒரு மனிதர். செசார் மன்ரிக்கே (1919–1992) என்ற ஓவியர் அடுக்குமாடிகளையும் சாலையோர விளம்பரப் பலகைகளையும் எதிர்த்து மல்லுக்கு நின்றார். தன் வீட்டையே லாவாவில் உண்டான ஐந்து குமிழ்க் குகைகளின் மேல் கட்டிக்கொண்டார். வெள்ளைச் சுவர், பச்சைக் கதவு என்ற ஒழுங்கு தீவு முழுக்கத் தெரியும். டெனெரிஃபின் தெற்குக் கரைக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை, அது பார்த்தாலே தெரியும்.

சாப்பாட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. உப்பு நீரில் தோல் சுருங்கும்வரை வேகவைத்த சின்ன உருளைக்கிழங்கு, தொட்டுக்கொள்ள மோஹோ. அதன் பச்சை வகையில் கொத்தமல்லி, பூண்டு, சீரகம் எல்லாம் உண்டு. நம் நாக்குக்கு உடனே ஒத்துப்போகும். கோஃபியோ என்பது வறுத்து அரைத்த தானிய மாவு. சைவர்கள் கேட்டு வாங்குவது நல்லது, அதைப் பல இடங்களில் மீன் சாற்றில்தான் கிண்டுவார்கள்.

சரி, எதற்கு என் ஓட்டு? பிள்ளைகள், பெரியவர்கள் என்று குடும்பமாக முதல் தடவை போனால் டெனெரிஃப். ஒரு இடம் பிடிக்காவிட்டால் இன்னொன்று இருக்கும். இரண்டு பேராகவோ தனியாகவோ போனால் தயங்காமல் லான்சரோட்டே, வாடகைக் காரோடு. மணல்தான் முக்கியம் என்றால் இரண்டும் வேண்டாம், ஃபுவெர்டெவென்டுரா தீவுக்குப் போங்கள்.

டெனெரிஃபைத் தேர்ந்தெடுத்தால் லா கோமேராவையும் சேர்த்துக்கொள்ளலாம். தெற்கே லோஸ் கிறிஸ்தியானோஸ் துறைமுகத்திலிருந்து வேகப் படகில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1492இல் கொலம்பஸ் அட்லாண்டிக்கைத் தாண்டும் முன் நின்ற தீவு அது. உயரம் 1,487 மீட்டர், அதாவது மேகத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல. உச்சியில் கரஹோனாய் காடு, எப்போதும் பாசியும் ஈரமுமாகச் சொட்டிக்கொண்டிருக்கும். தீவெங்கும் ஆழமான பள்ளத்தாக்குகள். எதிர்ச்சரிவில் இருப்பவரிடம் பேச இறங்கி ஏறினால் அரைநாள் போய்விடும் என்பதால், ஸ்பானிய மொழியையே சீழ்க்கையாக மாற்றிப் பேசும் வழக்கம் அங்கே நிலைத்தது. 1999 முதல் பள்ளிகளில் அது பாடம். பெரும்பாலானோர் காலையில் வந்து மாலைப் படகில் திரும்பிவிடுகிறார்கள். ஒரு இரவாவது தங்குங்கள். கடைசிப் படகு போனபிறகு சதுக்கத்தில் மிஞ்சுவது ஊர்க்காரர்கள் மட்டும்தான்.