ஒரு ரேடியேட்டரை மாற்ற எவ்வளவு தண்ணீரை வடிக்க வேண்டும்?

பிரிட்டன் வீடுகளில் பாய்லரின் சுடுநீரால் அறையைச் சூடாக்கும் ஒரு ரேடியேட்டரை மாற்றவேண்டும் என்றாலே மொத்தத் தண்ணீரையும் வடிக்கச் சொல்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அது தேவையில்லை என்பதே என் கருத்து. ரேடியேட்டரை மட்டும் மாற்றுகிறோமா, வால்வையும் சேர்த்தா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

புதியதும் பழைய அகலமே என்றால், இருபக்க வால்வுகளையும் மூடி அந்த ஒன்றை மட்டும் காலி செய்வதே சிறந்தது. வெளியே வருவது சில லிட்டர்தான். லாக்‌ஷீல்டு வால்வை (ஒரு பக்கத்தில் நீரோட்டத்தின் அளவை நிர்ணயித்து வைக்கும் வால்வு) எத்தனை சுற்றில் மூடினீர்கள் என்று குறித்துவையுங்கள். அதே அளவு திறந்தால்தான் மற்ற அறைகளுக்குப் போகும் சூடு முன்புபோல் இருக்கும். மறுபக்கம் அறையின் சூட்டைப் பொறுத்து வால்வைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் தலை இருந்தால், அதைக் குறைத்து வைத்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். அறை நன்றாகக் குளிர்ந்தால் அது தானே திறந்துகொள்ளும். தலையைக் கழற்றிவிட்டு வால்வோடு வந்த மூடியைத் திருகி இறுக்குங்கள். உள்ளே இருப்பது இரும்பு அரித்துக் கறுத்த தண்ணீர். கம்பளத்தில் பட்டால் கறை போவது கடினம்.

இந்த வழியில் பலவீனமான இடம் பழைய வால்வு. இரண்டையும் மூடிவிட்டு ரேடியேட்டரின் காற்றுத் திருகை (உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றும் திருகு) திறந்து பாருங்கள். கொஞ்சம் வந்து நின்றால் சரி. வந்துகொண்டே இருந்தால் வால்வு முழுதாக மூடவில்லை, வால்வையும் ரேடியேட்டரையும் இணைக்கும் நட்டில் கை வைக்காதீர்கள்.

அப்போதும், வால்வையே மாற்றும்போதும்தான் மற்ற வழிகள் வேண்டும். மாடி அறை என்றால் நான் பாதி வடிப்பேன். பாய்லரை அணைத்து ஆறவிட்டு, பரணில் இந்த அமைப்புக்குத் தண்ணீர் தரும் தொட்டி இருந்தால் அதன் மிதவை வால்வைக் கட்டி நிறுத்தவேண்டும். கீழே உள்ள வடிகுழாயில் ஹோஸ் மாட்டித் திறந்து, அப்புறம் மாடி ரேடியேட்டர்களின் காற்றுத் திருகுகளை மட்டும் திறந்தால் மேல்தளம் காலியாகும். உடனே வடிகுழாயை மூடிவிடலாம். தொட்டியில்லாத காம்பி அமைப்பிலும் (வீட்டுச் சூட்டையும் குழாய்ச் சுடுநீரையும் ஒரே பாய்லர் தரும் அமைப்பு) இதே முறைதான். ஹோஸ் வழியாக அழுத்தம் முதலில் பூஜ்ஜியத்துக்கு இறங்கிவிடும்.

தொட்டி உள்ள வீட்டில் இதைவிட வேகமான வழி ரப்பர் அடைப்பான்கள். ஒன்று தொட்டியின் வெளிவாயில், இன்னொன்று தொட்டிக்கு மேல் திறந்து நிற்கும் வென்ட் குழாயின் (காற்றுப்போக்கிக் குழாய்) முனையில். காற்று உள்ளே போக வழியில்லாததால், கீழே குழாயைத் திறந்தாலும் கொஞ்சம்தான் வரும். மலிவும்கூட. ஆனால் வென்ட் அடைபட்டிருக்கும்போது பாய்லர் எரிந்தால் பெரிய ஆபத்து. அடைப்பான்களை எடுத்த பிறகே பாய்லரைப் போடவேண்டும்.

கீழ்த்தளத்தில், வடிகுழாய் எட்டாத இடத்தில் ஒரு வால்வை மாற்ற, குழாய்க்குள் இருக்கும் தண்ணீரை உறையவைத்து அடைப்பது கைகொடுக்கும். உறையவைக்கும் ஸ்ப்ரே குறைந்த நேரமே தாங்கும். மின்கருவியை வாடகைக்கு எடுப்பது மேல். மின்சாரம் இருக்கும்வரை பனிக்கட்டி நிற்கும். தண்ணீர் ஆறி, அசையாமல் இருக்கவேண்டும். பக்கத்தில் ஈயப்பற்று வைக்கும் வேலை இருந்தால் இது வேண்டாம், சூட்டில் கட்டி உருகிவிடும்.

முழுவதும் வடிப்பதைக் கசடு கழுவும்போதோ, பல ரேடியேட்டர்களை ஒன்றாக மாற்றும்போதோ வைத்துக்கொள்ளலாம். தண்ணீரோடு அரிப்பைத் தடுக்கும் இன்ஹிபிட்டரும் போய்விடும், அதைப் புதிதாக ஊற்றவேண்டும். பாதி வடித்தாலும் போன அளவுக்கு ஈடுசெய்யுங்கள். காம்பியில் திரும்ப நிரப்பும்போது, குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் அழுத்தம் போதும்.