பாகம் விற்க அவசரப்படாத பட்டறை: ஸ்விஃப்ட் 1.3 இன்ஜினுக்கான திட்டமிடல் சேவை

கோயம்புத்தூரில் இன்ஜின் வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பந்தய வீரரும் கார் வடிவமைப்பாளருமான கரிவர்தன் 1980களின் இறுதியில் மாருதி 800 இன்ஜினை வைத்துப் பந்தயக் கார்களைக் கட்டிய ஊர் இது. அவர் பெயரைத் தாங்கிய செட்டிபாளையம் பந்தயத் தடம் 2003இல் திறக்கப்பட்டது. ஆயினும் பழைய சிறிய கார் ஒன்றின் இன்ஜினைக் கூடுதல் திறனுக்காக மீண்டும் கட்ட விரும்புகிறவருக்குப் பெரும்பாலான இடங்களில் முதலில் கிடைப்பது பாகங்களின் விலைப்பட்டியல்தான். சிங்காநல்லூர்ப் பக்கம் உள்ள ஒரு பட்டறை, திட்டமிடலை மட்டும் தனிக் கட்டணத்துக்குச் செய்துதருகிறது. உரிமையாளர் விளம்பரம் விரும்பாதவர் என்பதால் பெயரைத் தவிர்த்து, அந்தச் சேவையை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

கொண்டுசென்றது 2005இல் அறிமுகமான முதல் ஸ்விஃப்டின் 1298 சிசி பெட்ரோல் இன்ஜின். நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் ஒன்றே. போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 74 மி.மீ.; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம், 75.5 மி.மீ. அவர்கள் கேட்ட முதல் கேள்வி எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்பதல்ல, கார் சாலையில் ஓடுமா தடத்தில் ஓடுமா என்பதுதான். சாலை என்றதும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு பதிவுச் சான்றிதழுக்கு மாறான மாற்றங்களைத் தடைசெய்வதை நினைவூட்டி, கொள்ளளவிலும் புகை அளவிலும் சிக்கல் தராத எல்லைக்குள் திட்டத்தை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். வாடிக்கையாளரின் ஆசைக்கு அணைபோடும் இந்த நேர்மை எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது, எனக்குப் பிடித்தது.

இன்ஜினைப் பிரித்தபின் ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், இரண்டு திசைகளில் போர் கேஜ் வைத்து அளந்து, தேய்மானத்தையும் வட்டம் கோணியதையும் எழுதித் தந்தார்கள். பிஸ்டன் அளவைப் பற்றிய பேச்சு அதன் பிறகுதான் வந்தது. சிலிண்டரைச் சற்றுக் குடைந்து 0.25 மி.மீ. பெரிய (ஓவர்சைஸ்) பிஸ்டன் போட்டாலே சுவர் சுத்தமாகிவிடுமானால் 0.50க்குப் போகக்கூடாது, அடுத்த முறைக்கும் உலோகம் மிஞ்ச வேண்டும் என்பது அவர்கள் கட்சி. கணக்கும் அதற்குத் துணைநிற்கிறது: போரை 74.5 மி.மீ. ஆக்கினாலும் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 1316 சிசிதான் ஆகிறது. போரிங் செய்வது சிலிண்டரை மீண்டும் வட்டமாக்கத்தானே தவிரத் திறனைக் கூட்ட அல்ல என்பதை இவ்வளவு தெளிவாக வேறு எங்கும் எனக்குச் சொல்லவில்லை.

எரிபொருள் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பதைக் காட்டும் கம்ப்ரஷன் விகிதத்தில்தான் இவர்களுடைய கவனம் முழுமையாகத் தெரிகிறது. சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டின் எரிஅறைகளைக் கண்ணாடித் தகட்டால் மூடி, அளவுகோடிட்ட குழாயான பியூரெட்டால் திரவம் விட்டு, ஒவ்வொன்றின் கொள்ளளவையும் தனித்தனியே குறித்தார்கள். 74.5 மி.மீ. போரில் ஒரு சிலிண்டருக்கு ஏறத்தாழ 329 சிசி வருகிறது. பத்துக்கு ஒன்று வேண்டுமானால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் 36.6 சிசி இருக்க வேண்டும். பத்தரைக்கு ஒன்று வேண்டுமானால் 34.6 சிசி. ஒரு தேக்கரண்டியில் பாதிகூட நிரம்பாத அந்த இரண்டு சிசிதான், நம் ஊர் வெயிலில் மேடு ஏறும்போது கலவை நேரம் தவறி வெடித்து இன்ஜின் தட்டுமா (நாக்கிங்) தட்டாதா என்பதைத் தீர்மானிக்கிறது. ‘ஹெட்டை ஃபேசிங் செய்துவிடலாம்’, அதாவது அதன் அடிப்பரப்பைச் சீவிவிடலாம் என்று போகிறபோக்கில் சொல்லும் பட்டறைகள் பல உண்டு. ஹெட் தாழ்ந்தால் கேமைச் சுழற்றும் பெல்ட்டின் நீளக் கணக்கு மாறி, கேமின் நேரமும் சற்றுப் பின்தங்கும் என்பதையும், அதைச் சரிசெய்ய நகர்த்தி அமைக்கக்கூடிய கேம் புல்லி வேண்டியிருக்கலாம் என்பதையும் இவர்கள் திட்டத்தாளிலேயே எழுதியிருந்தார்கள்.

ஃபோர்ஜ்டு பிஸ்டன் (அழுத்தி வடித்த, உறுதியான பிஸ்டன்) தேர்விலும் இதே நிதானம்தான். 2618 என்ற அலுமினியக் கலவையில் சிலிக்கான் மிகக் குறைவு என்பதால் அது சூட்டில் அதிகம் விரியும். கூடுதல் இடைவெளி விட வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் சத்தம் வரும். ஏறத்தாழ 12 விழுக்காடு சிலிக்கான் கொண்ட 4032 கலவை சாலைக்குப் போதும் என்று, விலை கூடியதை விட்டுவிட்டு இதைப் பரிந்துரைத்தார்கள். சிலிண்டர் சுவரைத் தேய்த்து மெருகேற்றும் ஹோனிங்கின்போது ஹெட்டுக்குப் பதிலாகத் தடித்த இரும்புத் தகட்டை அதே டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் தாளில் இருக்கிறது. ஹெட்டை இறுக்கியதும் சிலிண்டர் நுண்ணளவில் கோணும் என்பதால் இது தேவையான வேலை. வால்வை அதிக உயரத்துக்குத் திறக்கும் உயர் லிஃப்ட் கேம் கேட்டதற்கு, அவிநாசி சாலை நெரிசலில் ஓட்டுகிறவருக்கு அது தண்டனை என்று சிரித்துவிட்டு, வால்வு சீட்டை மூன்று கோணத்தில் வெட்டுவதையும் காற்று செல்லும் போர்ட்டின் வாயும் கேஸ்கெட்டின் துளையும் ஒன்றோடொன்று பொருந்தச் செய்வதையும் மட்டும் சேர்த்தார்கள்.

குறைகளும் உண்டு. திட்டத்தாள் கையால் எழுதப்பட்டது. சிலிண்டர் அளவுகள் மில்லிமீட்டரிலும் பேரிங் இடைவெளிகள் அங்குலத்திலும் இருப்பதால், வேறு மெக்கானிக்கிடம் கொடுக்குமுன் நாமே மாற்றி எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதைவிடப் பெரிய குறை டியூனிங் பகுதி. அங்கே இன்ஜினின் திறனை அளக்கும் டைனோ இல்லை. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவைப் பற்றி ‘இசியு வேலை வெளியில்’ என்ற ஒற்றை வரியோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்குக் காற்று-எரிபொருள் கலவை விகிதம் 14.7இலிருந்து 13.5 அளவுக்கு இறங்குவதால் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் தாங்குமா என்ற கணக்கும், பழைய ரப்பர் எரிபொருள் குழாய்களை மாற்றும் செலவும் திட்டத்திலேயே இடம்பெற்றிருக்க வேண்டும். கேட்ட பிறகு குழாய்களை மட்டும் சேர்த்தார்கள். பிஸ்டன் வந்துசேரும் காலத்துக்கு எந்த உறுதியும் தருவதில்லை.

வாரக்கடைசித் தட ஓட்டத்துக்காக உச்சத் திறனைத் தேடுகிறவர், டைனோ வைத்திருக்கும் இடத்துக்கே போகலாம். அன்றாடம் ஓடும் காரை நிதானமாகக் கட்ட நினைக்கிறவருக்கு இந்தக் கட்டணம் வீண் அல்ல. வேலையையும் அங்கேயே கொடுத்தால் இறுதிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்கிறார்கள். தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வேறு பட்டறைக்குப் போனாலும் முகம் சுளிப்பதில்லை.