நிலத்துக் காற்றா, கடல் காற்றா? டென்மார்க் போட்ட கணக்கு

டென்மார்க்கின் சாம்ஸோ தீவில் நாலாயிரம் பேர்கூட இல்லை. 2000இல் அந்தத் தீவின் வயல்களில் 11 காற்றாலைகளை நிறுத்தினார்கள், ஒவ்வொன்றும் 1 மெகாவாட். தீவின் மின்தேவைக்கு அவையே போதும். ஆனால் கார், டிராக்டர், படகு எல்லாம் எரிபொருள் குடிக்கின்றனவே, அதற்கு ஈடாக என்ன செய்வது? தெற்கே கடலுக்குள் 2.3 மெகாவாட்டில் இன்னும் 10 காற்றாலைகள் வந்தன; 2003 முதல் அவை ஓடுகின்றன.

அந்த நாடே இந்த இரண்டு வழிகளில்தான் வளர்ந்தது. இன்று டென்மார்க் பயன்படுத்தும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது. நிலத்தில் ஏறக்குறைய 5,000 மெகாவாட். கடலில் அதில் பாதியைச் சற்றே தாண்டும். இனி எதில் பணத்தைப் போடுவது என்பதுதான் அங்கே வாதம்.

முதலில் காற்று. கடல்மேல் தடையில்லை, காற்று பலமாகவும் சீராகவும் வீசும். நல்ல கடல் காற்றாலை தன் முழுத்திறனில் நூற்றுக்கு 45, 50 வரை ஆண்டு சராசரி தரும். நிலத்தில் முப்பதைத் தொட்டாலே நல்ல இடம். அளவிலும் கடலுக்கே கை ஓங்குகிறது. 2003இல் நிஸ்டெட் என்ற கடல் காற்றாலைப் பண்ணையில் 72 காற்றாலைகள், மொத்தம் 165 மெகாவாட். 2021இல் கிரீகர்ஸ் ஃபிளாக்கில் அதே 72, ஆனால் 605 மெகாவாட். இப்போது எழும் தோர் பண்ணையிலும் 72தான், 1,000 மெகாவாட்டுக்கும் மேல். எண்ணிக்கை மாறவேயில்லை, மின்சாரம் மட்டும் ஆறு மடங்கு. நிலத்தில் இப்படி வளர முடியாது. வீட்டுக்கும் காற்றாலைக்கும் நடுவே ஆலையின் உயரத்தைப்போல நான்கு மடங்கு தூரம் வேண்டும் என்பது சட்டம். 150 மீட்டர் உயரத்துக்கு 600 மீட்டர். டேனிஷ் நாட்டுப்புறத்தில் பண்ணை வீடுகள் சிதறிக் கிடப்பதால், வரைபடத்தில் வட்டம் போடப் போட மிஞ்சும் இடம் சுருங்கிக்கொண்டே போகும்.

விலைக்கு வந்தால் கதை திரும்புகிறது. 400 மெகாவாட் அன்ஹோல்ட் பண்ணைக்கு ஒரே ஒரு நிறுவனம்தான் ஏலத்தில் வந்தது. யூனிட்டுக்கு 105 ஓரே கேட்டது (100 ஓரே ஒரு குரோனர்). போட்டி இல்லாத ஏலம் என்ன விலைக்குப் போகும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டாம். அடுத்து ஹார்ன்ஸ் ரெவ் 3 பண்ணைக்கு 77 ஓரே, 2016இல் கிரீகர்ஸ் ஃபிளாக்குக்கு 37.2 ஓரே என்று விலை சரிந்தது. உலகமே வியந்தது. ஆனால் அந்த விலையில் ஒன்று சேரவில்லை. கடலிலிருந்து கரைக்கு வரும் கேபிளையும் கடல்மேல் நிற்கும் துணைமின் நிலையத்தையும் அரசின் மின்கட்டமைப்பு நிறுவனமான எனெர்கினெட் போட்டுக்கொடுத்தது. அந்தச் செலவு மின்நுகர்வோர் தலையில். நிலத்துக் காற்றாலையோ 2018 ஏலத்தில், சூரிய மின்சாரத்தோடு ஒரே களத்தில் நின்றது; வென்றவர்கள் சந்தை விலைக்கு மேல் கேட்ட மானியம் சராசரியாக 2.28 ஓரே மட்டும். மலிவு என்றால் நிலம்தான், சந்தேகமே இல்லை.

பராமரிப்பிலும் அப்படித்தான். நிலத்தில் பழுது என்றால் ஒரு வேன், இரண்டு ஆட்கள். 2002இல் கட்டிய ஹார்ன்ஸ் ரெவ் 1இல் டிரான்ஸ்பார்மர்களும் ஜெனரேட்டர்களும் உப்புக்காற்றில் தகராறு செய்தன. 2004இல் 80 காற்றாலைகளின் தலைப்பகுதியையும் இறக்கி, கப்பலில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்து சரிசெய்ய வேண்டியிருந்தது. கடலில் வேலைக்கு நாள் குறிப்பது அலைதான். அலை அடங்கும்வரை கெட்டுப்போன ஆலை சும்மா நிற்கும்.

ஆனால் என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்தது காற்றோ விலையோ அல்ல. யாருடைய ஆலை என்ற கேள்வி. அதற்குக் கொஞ்சம் பின்னே போகவேண்டும்.

1891இல் அஸ்கோவ் என்ற ஊரில் பள்ளி ஆசிரியர் போல் லா கூர் காற்றாலையில் மின்சாரம் எடுத்து, அதைக்கொண்டு நீரைப் பிரித்து ஹைட்ரஜனாகச் சேமித்துப் பள்ளிக்கு விளக்கேற்றினார். 1957இல் யொஹானெஸ் யூல் கெட்ஸரில் நிறுத்திய மூன்று இறக்கை, 200 கிலோவாட் ஆலைதான் பின்னால் வந்தவற்றுக்கெல்லாம் முன்மாதிரி. 1973 எண்ணெய் நெருக்கடி வந்தபோது தன் எரிசக்தியில் ஏறத்தாழ முழுவதற்கும் இறக்குமதி எண்ணெயை நம்பியிருந்த நாடு அது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை போட்டார்கள். அந்தத் தவிப்பில் தச்சர்களும் கொல்லர்களும் விவசாயக் கருவி செய்தவர்களும் காற்றாலையில் இறங்கினார்கள். ஊர்க்காரர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து பணம் போட்டார்கள். ஆலை நிற்கும் வட்டாரத்தில் வசிப்பவரே பங்கு வாங்கலாம், அதுவும் வீட்டு மின்செலவை ஒட்டிய அளவுக்குத்தான் என்று விதி. நூற்றாண்டின் முடிவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் காற்றாலைப் பங்குதாரர்கள். (அந்தத் தொழில்நுட்பம் நம் பக்கமும் வந்தது: கயத்தாறு காற்றாலைச் சோதனை நிலையம் டேனிஷ் உதவியோடு அமைந்ததுதான்.)

பங்கு வைத்திருப்பவருக்கு இறக்கை சுழலும் ஓசை வேறு மாதிரி கேட்கும். இதை நான் உவமையாகச் சொல்லவில்லை. ஆலைகள் பெரிதாகி, விலை கூடி, வெளியூர் முதலீட்டாளர் கைக்குப் போகப்போக, கிராமங்களில் எதிர்ப்பு வளர்ந்தது. இறக்கைகளின் நிழலாட்டமும் இரைச்சலும் நமக்கு, காசு எவனுக்கோ என்ற கோபம். அரசும் உணர்ந்தது. 2009 முதல் புதிய ஆலைகளின் பங்கில் 20 விழுக்காட்டை 4.5 கிலோமீட்டருக்குள் வசிப்போருக்கு முதலில் தரவேண்டும் என்றது. 2020இல் அந்த விதியை எடுத்துவிட்டு, பக்கத்து வீட்டாருக்கு ஆண்டுதோறும் ஊக்கத்தொகை என்று மாற்றினார்கள். என் பார்வையில் அது பின்னடைவு. தொகை வாங்குபவர் வெறும் பக்கத்து வீட்டுக்காரர். பங்கு வைத்திருப்பவர் முதலாளி.

கடல் என்றாலே பெருநிறுவனம் என்றும் சொல்லிவிட முடியாது. கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு எதிரே 2000இல் வந்த மிடில்குருண்டன் 20 ஆலைகளில் பாதி ஒரு கூட்டுறவுக்குச் சொந்தம்: 40,500 பங்குகள், 8,500க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். முதலில் 27 ஆலைகளை மூன்று வரிசையாகத் திட்டமிட்டார்கள். மக்கள் கருத்தைக் கேட்டபின் 20ஆகக் குறைத்து ஒரே வளைகோட்டில் நிறுத்தினார்கள். இன்று அது நகரத்தின் முகங்களில் ஒன்று. சாம்ஸோவின் கடல் ஆலைகளிலும் ஐந்து நகராட்சியுடையவை. மீதி விவசாயிகளும் சிறு பங்குதாரர்களும் வைத்திருப்பவை. அதற்காகக் கரையோரம் எல்லாம் சுமுகம் என்று எண்ணவேண்டாம். யூட்லாந்து தீபகற்பத்தின் மேற்குக் கரையில் வெஸ்டர்ஹாவ் பண்ணைகள் கடற்கரை வீட்டுக்காரர்களின் முறையீடுகளால் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போயின.

தூரக்கடலுக்கோ இப்போது சோதனைக்காலம். தோர் ஏலத்தில் பல நிறுவனங்கள் மானியமே வேண்டாம் என்ற அடிமட்ட விலையில் மோத, 2021இல் குலுக்கிப்போட்டு ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.இ. நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள்; அரசுக்கு 280 கோடி குரோனர் வரும் என்று ஏற்பாடு. மூன்றே ஆண்டில் காட்சி மாறியது. 2024 டிசம்பரில், வடகடலில் 3,000 மெகாவாட்டுக்கு மானியமில்லா ஏலம் வைத்தபோது ஒருவர்கூட வரவில்லை. வட்டி ஏறியிருந்தது, இரும்பு விலை ஏறியிருந்தது, கேபிள் செலவும் ஏலதாரருக்கே. இன்னொன்று முக்கியம்: காற்று நன்றாக வீசும் நேரத்தில் எல்லா ஆலையும் ஒன்றாக உற்பத்தி செய்வதால் சந்தையில் விலை பூஜ்யத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. நார்வேயின் நீர்மின் அணைகளுக்கும் ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் கேபிள் இருந்தும் இந்தச் சிக்கல் தீரவில்லை. இது நிலத்துக்கும் உள்ளதுதான், ஆனால் பெருமுதல் போட்டவரைத்தான் அதிகம் நெருக்கும். 2025இல் அரசு 5,500 கோடி குரோனர் வரை மானியம் ஒதுக்கி மறுபடி ஏலத்துக்கு வந்தது.

என்னிடம் கேட்டால், நிலத்துக்கே முதல் ஓட்டு: பழைய சிறு ஆலைகளை எடுத்துவிட்டு அதே ஊர்களில் குறைந்த எண்ணிக்கையில் பெரியவை, பங்கில் ஐந்தில் ஒன்று ஊருக்கு. மீதித் தேவைக்குக் கடல், அதற்கு நியாயமான மானியம், குலுக்கல் வேண்டாம். உலகின் முதல் கடற்பண்ணையான விண்டபி, 11 ஆலைகளோடு 1991இல் தொடங்கி 2017இல் பிரித்தெடுக்கப்பட்டது. துவிண்ட் பள்ளியின் ஆசிரியர்களும் மாணவர்களும் தொண்டர்களும் தம் கையால் கட்டி 1978இல் ஓடவிட்ட ஆலை, மேற்கு யூட்லாந்தில் இன்னும் சுழல்கிறது.