நெல் வயலில் ஓரடிக் குழாய்: வயல்நீர்க் குழாய் பற்றி ஒரு மதிப்பீடு

பாசனக் கருவி என்றாலே சொட்டுநீர், தெளிப்புநீர், கைப்பேசியில் இயக்கும் மோட்டார் என்று பெரிய செலவுகளே நினைவுக்கு வரும் காலத்தில், ஓரடி நீளமுள்ள துளையிட்ட பி.வி.சி. குழாய் ஒன்றுக்கு மதிப்புரை எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் நெல்லில் நீரைச் சிக்கனப்படுத்துவது குறித்த ஆய்வுகளிலிருந்து உழவர் கைக்கு வந்து சேர்ந்த பொருள்களில், இவ்வளவு மலிவானதும் இவ்வளவு அரைகுறையாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் இந்த வயல்நீர்க் குழாயைப் போல வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. குறுவைக்கு ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் டெல்டா வயலில் இதை நட்டுப் பயன்படுத்தியதில் கண்டதையும் ஆய்வுகள் சொல்வதையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

பிலிப்பைன்ஸில் லாஸ் பான்யோஸ் என்ற ஊரில் 1960-இல் நிறுவப்பட்ட சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைச் சற்றுக் காயவிட்டு மறுபடி பாய்ச்சி, நெல்லுக்கு நீர் கொடுக்கும் முறையை உழவர் எளிதாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் குழாயைப் பரப்பியது. நம் ஊருக்கு இந்தக் கருத்து முற்றிலும் புதிதன்று. கட்டிய நீர் மறைந்த பிறகே மறுநீர் கட்ட வேண்டும் என்று வேளாண் துறை நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வயல்நீர்க் குழாயைப் பரிந்துரைக்கிறது. குழாய் கூடுதலாகச் செய்வது ஒன்றே ஒன்றுதான்: மேலே நீர் மறைந்த பின்னும் வேர்ப்பகுதியில் நீர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதைக் காட்டுகிறது. மேல்மண் காய்ந்து வெளுத்திருக்கும்போது குழாய்க்குள் எட்டிப் பார்த்தால், நாலு விரற்கடைக்குக் கீழே நீர் பளபளத்துக்கொண்டிருக்கும். மோட்டாரைப் போட எழுந்த கை அங்கேதான் நிற்கிறது.

குழாயின் நீளம் 30 சென்டிமீட்டர். அதில் பாதியில் சுற்றிலும் சிறு துளைகள் இருக்கும். துளையுள்ள 15 சென்டிமீட்டர் மண்ணுக்குள்ளும் துளையில்லாத 15 சென்டிமீட்டர் மண்ணுக்கு மேலுமாக நடவேண்டும். உழவுக்கு அடியில் இறுகிக் கிடக்கும் கடின அடுக்கை அது துளைத்துவிடக் கூடாது. துளைத்தால் குழாய் காட்டும் அளவு பொய்யாகிவிடும். நட்டபின் உள்ளே சிக்கிய சேற்றை முழுவதும் வெளியே எடுக்க வேண்டும். நடவு முடிந்து பயிர் வேர் பிடித்த ஒன்றிரண்டு வாரங்களுக்குப் பிறகு, உள்ளே நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை காத்திருந்து, பின் தரைக்கு மேல் 5 சென்டிமீட்டர் நிற்குமாறு நீர் கட்டவேண்டும். பூக்கும் பருவத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்புவரை மட்டும் இந்த விளையாட்டு ஆகாது. அப்போது நீர் நின்றே ஆகவேண்டும், இல்லையெனில் பதர் விழும்.

இனி பொருளின் தரத்துக்கு வருவோம். ஒரு கடையில் ஆயத்தமாக விற்ற குழாயை வாங்கியபோது, அதில் தலை முதல் அடி வரை துளையிட்டிருந்தார்கள். துளை ஓரங்களில் பிசிறும் நீக்கப்படவில்லை. பார்வைக்கு இது சிறு குறையாகத் தோன்றும். ஆனால் குழாய் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கும் ஒரே வழி, வயலில் நீர் கட்டிச் சில மணி நேரம் கழித்து உள்மட்டமும் வெளிமட்டமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்பதே ஆகும். ஒன்றாக இல்லையென்றால் அடித்துளைகள் களிமண்ணால் அடைபட்டுவிட்டன என்று பொருள். பிடுங்கிக் கழுவி மறுபடி நடவேண்டும். மேற்பகுதியிலும் துளையிருந்தால் நீர் அவ்வழியாகவே உள்ளே புகுந்து இரு மட்டங்களையும் சமமாக்கிவிடும், அடைப்பு தெரியவே தெரியாது. எனவே கடைக்குழாயைவிட, பிளம்பிங் கடையில் குழாயை வாங்கி நாமே துளையிட்டுக்கொள்வது மேல் என்பது என் கருத்து.

அப்படி வாங்கும்போது நாலு இஞ்சுக் குழாய் போதும் என்று கடைக்காரர் சொல்வார், விலையும் குறைவு. ஆய்வு நிலையத்தின் அளவுகளிலும் அதற்கு இடமுண்டு. இருந்தும் ஆறு இஞ்சுக் குழாயையே நான் பரிந்துரைப்பேன். நாலு இஞ்சுக் குழாய்க்குள் பெரியவர் கை தாராளமாக நுழைந்து சேற்றை அள்ள முடியாது. கரண்டியைக் கட்டி அள்ளினால் அடிச்சேறு தங்கிவிடுகிறது. பயிர் தூர்கட்டி மூடிய பிறகு குறுகிய குழாய்க்குள் வெளிச்சமும் போதாமல் நீர் எங்கே நிற்கிறது என்று தெரிவதில்லை. துளைகள் ஐந்து மில்லிமீட்டர் அளவில், இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்தால் போதும். மூங்கிலிலும் இதைச் செய்யலாம் என்கிறார்கள், செய்யலாம்தான்.

குழாயை எங்கே நடுவது என்பதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. வரப்பிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில் இருக்கவேண்டும், ஆனால் வரப்பை ஒட்டியே இருக்கக் கூடாது; வரப்போரத்தில் நண்டு வளைகள் வழியாக நீர் கசிவதால் அங்குள்ள மட்டம் வயலின் மட்டமாகாது. மேட்டிலும் நடக்கூடாது, பள்ளத்திலும் நடக்கூடாது. சமன் செய்யப்படாத வயலில் இந்த அறிவுரையைப் பின்பற்றுவது எளிதன்று: நடுத்தர இடத்தில் 15 சென்டிமீட்டர் இறங்கும்போது மேட்டுப் பகுதிப் பயிர் வாடத் தொடங்கியிருக்கும். லேசர் கருவியால் சமன்படுத்திய வயலில் குழாய் தரும் பயனில் பாதிகூட மேடுபள்ளமான வயலில் கிடைக்காது.

விளைச்சல் குறையுமா என்பதே எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. 2017-இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, 56 ஆய்வுகளில் கிடைத்த 528 ஒப்பீடுகளைத் தொகுத்துப் பார்த்தது. காய்ச்சலும் பாய்ச்சலும் என்ற பெயரில் செய்யப்பட்ட எல்லாவற்றையும் சேர்த்தால் சராசரியாக 5.4 சதவீத விளைச்சல் குறைவு தெரிந்தது. ஆனால் நீர்மட்டம் 15 சென்டிமீட்டருக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்ட இடங்களில் பெரும்பாலும் குறிப்பிடத்தக்க குறைவு இல்லை, நீரோ 23.4 சதவீதம் மிச்சமாகியிருந்தது. அளவு மீறிக் காயவிட்ட இடங்களில் விளைச்சல் 22.6 சதவீதம் விழுந்தது. ஆகவே நட்டம் முறையில் இல்லை, அளவு பார்க்காமல் காயவிடுவதில் இருக்கிறது. குழாய் இல்லாமல் கண்மதிப்பில் காயவிடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல எச்சரிக்கை இல்லை.

எங்கள் பகுதிக் களிமண்ணில் இன்னொரு சிக்கல் உண்டு. குழாயோடு வரும் துண்டறிக்கைகளில் இதைக் காண முடிவதில்லை. கெட்டிக் களிமண் காயும்போது வெடிக்கும். மயிரிழைக் கீறலோடு நின்றால் கவலையில்லை. வெடிப்பு விரல் நுழையும் அளவுக்கு அகன்று கடின அடுக்கையும் பிளந்துவிட்டால், அடுத்து பாய்ச்சும் நீர் வேரை நனைப்பதற்கு முன் அந்தப் பிளவு வழியே நேரே கீழே போய்விடுகிறது. வெயில் கடுமையான வாரத்தில் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், மடையைத் தாண்டி நீர் நகராது. மிச்சம் பிடித்த நீரைவிடக் கூடுதலாக அந்த ஒரு பாய்ச்சலிலேயே இழக்க நேரும். எனவே கெட்டிக் களிமண் வயலில் 15 சென்டிமீட்டரை வேதவாக்காகக் கொள்ளாமல், 10 சென்டிமீட்டரிலேயே நீர் கட்டிவிடுவது நல்லது. குழாயின் உட்புறத்தில் அந்த இடத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் வயலுக்குப் போகிற யாரும் அளவு பார்க்கலாம்.

களை கூடும் என்பது உண்மை. நீர் நின்றால் முளைக்காத களைகள் தரை தெரிந்ததும் தலைகாட்டும்; அதனால் களை மிகுந்த வயலில் முதல் இரண்டு மூன்று வாரங்கள் நீரைத் தேக்கி வைத்து, அதன் பிறகே காயவிடத் தொடங்க வேண்டும். கோனோவீடர் என்னும் களையெடுக்கும் கருவியை ஓட்டுவோர் குழாய் இருக்கும் இடத்தில் கொடிக்குச்சி ஒன்றை நட்டு வைப்பது நலம். யூரியாவை நீர் கட்டுவதற்குச் சற்று முன்னர், காய்ந்த மண்ணில் இடுவது நல்லது. நீரோடு சேர்ந்து சத்து கீழே இறங்கும்.

இவையெல்லாம் கருவியின் நிறைகுறைகள். ஆனால் ஆய்வு நிலையங்கள் இதைப் பரப்பி இத்தனை ஆண்டுகள் ஆகியும் ஊருக்கு ஊர் குழாய் தெரியாததற்குக் காரணம் கருவியில் இல்லை, நீருக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. பிலிப்பைன்ஸின் தர்லாக் மாகாணத்தில் 2002-இல், ஆழ்கிணற்று நீரைக் கூட்டாகப் பகிர்ந்து எரிபொருள் செலவைத் தாங்களே ஏற்றுக்கொண்ட உழவர்கள் இம்முறையைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு முறை நீர் கட்டாமல் விட்டதும் அவர்களுக்குக் கையில் மிஞ்சிய பணம். அதே நாட்டின் போஹோல் தீவில் அணைக்கட்டு வாய்க்கால் பாசனம். அங்கே தனி உழவருக்குச் சேமிப்பால் லாபமில்லை என்பதால், பாசனத் துறையே முறை வைத்து நீர் விட்டுக் கடைமடைக்கும் நீர் சேரச் செய்தது.

தமிழ்நாட்டில் 1990 முதல் உழவர் மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். டீசல் இன்ஜின் வைத்திருப்பவருக்குக் குழாய் தரும் மிச்சம் ரூபாயாகத் தெரியும். மின் இணைப்பு உள்ளவருக்கு நிலத்தடி நீர் மட்டம் இறங்காமல் இருக்கும் என்ற ஆறுதல்தான், அதுவும் பக்கத்து வயல்காரர் இறைக்காமல் இருந்தால். மும்முனை மின்சாரம் இருக்கும்போதே நிரப்பி வைத்துவிடுவோம் என்று நினைப்பவரைக் குறை சொல்லவும் முடியாது. மேட்டூர் நீரை நம்பும் சம்பா வயலின் கதை வேறு: முறைத் தண்ணீர் வரும் நாளில், குழாய் இன்னும் காத்திரு என்று சொன்னாலும் மடையைத் திறந்தே ஆகவேண்டும், அடுத்த முறை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது நீரை வடிப்பதுதான் வேலை, காயவிடுவதன்று. ஆக, டெல்டாவில் இந்தக் குழாய்க்கு உரிய பருவம் குறுவையும் ஆழ்துளைக் கிணற்றுக் கோடை நெல்லும்தான்.

நீர் நின்ற வயலிலிருந்து வெளியாகும், புவியைச் சூடாக்கும் வாயுவான மீத்தேன், பலமுறை காயவிட்டால் ஏறக்குறைய பாதியாகிறது என்பது பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழுவின் கணக்கு; அதே வகை வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு ஓரளவு கூடி அந்த லாபத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். இதை வைத்துக் கார்பன் வரவு (வாயு வெளியீட்டைக் குறைத்ததற்கு ஈடாகக் கிடைக்கும், விற்கத்தக்க சான்று) தருகிறோம் என்று குழாயை இலவசமாகக் கொடுத்து, வாரந்தோறும் படம் எடுத்து அனுப்பச் சொல்லும் திட்டங்கள் இப்போது வருகின்றன. இலவசக் குழாயை மறுக்க வேண்டியதில்லை. பணம் எப்போது, எந்தக் கணக்கில் வரும் என்பதை எழுத்தில் வாங்காமல் மட்டும் கையெழுத்திட வேண்டாம்.

வாங்கலாமா என்றால், சமன்படுத்திய வயலும் தன் கட்டுப்பாட்டில் நீரும் உள்ளவர் தயங்காமல் வாங்கலாம். ஒரு குழாய்க்கு ஆகும் செலவு ஓர் ஆளின் ஒருநாள் கூலியைவிடக் குறைவு. நீர்மட்டத்தைத் தானே அளந்து கைப்பேசிக்கு அனுப்பும் மின்னணுக் குழாய்களும் சந்தையில் இருக்கின்றன. வெளியூரில் இருந்துகொண்டு சாகுபடி செய்வோரைத் தவிர மற்றவர்க்கு அவை தேவையில்லை, நாள்தோறும் வயலுக்குப் போகிறவருக்கு ஒரு குச்சியும் கோடும் போதும். அறுவடைக்கு முன் நீரை வடிக்கும்போதே குழாயைப் பிடுங்கிக் கழுவி வைத்துவிடுங்கள். விட்டுவிட்டால் அறுவடை இயந்திரத்தின் சங்கிலித்தடத்தில் நொறுங்கும், அடுத்த நடவில் வெறுங்காலோடு இறங்குகிறவர் காலைத்தான் அந்தச் சில்லுகள் பதம் பார்க்கும்.