நாய்க்கடிக்கு இசிஜி எதற்கு?

அம்மாவைத் தெருநாய் கடித்துவிட்டது. இந்த முறை ஊர்ப் பயணத்தில் நான் எழுத நினைப்பது அதைப் பற்றி மட்டும்தான்.

கெண்டைக்காலில் பல் பதிந்து ரத்தம் கசிந்தது. குழாயில் தண்ணீர் வராத நேரம், சொம்புத் தண்ணீர்தான் ஊற்ற முடிந்தது. பக்கத்து வீட்டு அத்தை மிளகாய்ப்பொடியோடு ஓடி வந்தார். சின்ன வயதில் எனக்கும் அதைத்தான் அப்பினார்கள். தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம். வேண்டாம் என்று தடுப்பதற்குள் சித்தப்பா காரை எடுத்துவிட்டார். "கவர்மெண்டு ஆஸ்பத்திரியெல்லாம் சரிப்படாதுப்பா, டவுனுக்கே போயிடலாம்."

டவுனில் பெரிய தனியார் மருத்துவமனை. பெயர் பதியப் பணம், ரத்தப் பரிசோதனைக்குப் பணம், அப்புறம் இசிஜி. "வயசானவங்க, ஒரு நாள் அட்மிட் பண்ணிடலாம் சார்" என்றார்கள். இத்தனையும் நடந்தது, காயத்தை மட்டும் ஒருவரும் கழுவவில்லை! நாய்க்கடிக்கு முதல் மருத்துவமே சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான். நாய்க்கடியால் வரும் ரேபிஸ் என்ற வெறிநோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் உயிர் பிழைப்பது அநேகமாகக் கிடையாது. கேட்டால், "டாக்டர் வரட்டும்" என்ற ஒரே பதில். எனக்கு உடம்பெல்லாம் பதறியது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நேரே எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம். நர்ஸ் காயத்தைப் பார்த்ததும் சீட்டுகூட எழுதவில்லை. வெளிக்குழாயடியில் ஸ்டூல் போட்டு அம்மாவை உட்கார வைத்து, சோப்பு தேய்த்துக் கழுவ ஆரம்பித்தார். அம்மா "போதும்மா, எரியுது" என்று கெஞ்சக் கெஞ்ச, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே முழுசாகப் பதினைந்து நிமிடம் கழுவினார். கட்டுப் போடவில்லை. பிறகு டாக்டர் பார்த்தார்; இரண்டு தோளிலும் தோலுக்குள் சின்னதாக ரேபிஸ் தடுப்பூசி, ஒவ்வொன்றிலும் 0.1 மில்லி. கொசு கடித்த மாதிரிதான் இருந்தது என்றார் அம்மா. ரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின், அதாவது கிருமியை உடனே எதிர்க்கும் மருந்து, போட வேண்டும் என்று அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அன்று மாலையே அங்கே போட்டாயிற்று. 3, 7, 28-ஆம் நாட்களில் மறுபடி ஊசிக்கு வர அட்டையும் தந்தார்கள். எங்கேயும் ஒரு பைசா வாங்கவில்லை.

நான் இருக்கும் லண்டனில் டாக்டரைப் பார்க்கக் காலை எட்டு மணிக்குப் போனைப் பிடித்துக்கொண்டு வரிசையில் கிடக்க வேண்டும். அவசரப் பிரிவுக்குப் போனால் மணிக்கணக்கில் உட்கார வேண்டும். ஆனால் 111 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணைக் கூப்பிட்டால் மருந்துக்கடை போதுமா, டாக்டரா, ஆஸ்பத்திரியா என்று சொல்லிவிடுவார்கள். இங்கேயும் மருத்துவ ஆலோசனைக்கு 104 இருக்கிறது. தெருவில் விசாரித்தேன், 108 தெரியாதவர் இல்லை, 104 தெரிந்தவர் ஒருவரும் இல்லை. எந்த ஆஸ்பத்திரி என்பதைக் கார் வைத்திருப்பவர் முடிவு செய்கிறார்.

தனியாரே கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்பாவுக்கு இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தது தனியாரில்தான், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில். ஒரு குறையும் இல்லை. நெஞ்சுவலி, விபத்து என்றால் யோசிக்காமல் 108. ஆனால் நாய்க்கடி, குழந்தைக்குத் தடுப்பூசி, காய்ச்சல் இதற்கெல்லாம் முதலில் போக வேண்டியது ஆரம்ப சுகாதார நிலையம்தான்; அதைத் தாண்டிப் போக வேண்டுமென்றால் அவர்களே சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். பிரஷர் மாத்திரைக்கு அந்த நடைகூட அம்மாவுக்குக் கிடையாது. 2021-இல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்துவிடுகிறது.

ரேஷன் கடைச் சுவரில் 104 என்று பெரிதாக எழுதி வைக்கச் சொல்லிப் பஞ்சாயத்துத் தலைவரிடம் கேட்டிருக்கிறேன். பெயின்ட் செலவு என்னுடையது.